கட்டடத்துக்கு முன்னே ஆட்கள்: செராம்பூர் தரும் பாடம்



வாசிக்க வேண்டிய பகுதிகள்: 2 இராஜாக்கள் 6:1-7, அப்போஸ்தலர் 19:1-10, 2 தீமோத்தேயு 2:2. வேதத்தைத் திறந்து இவைகளை ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு இந்தப் பாடத்துக்கு வாருங்கள்.

வேதபாட வகுப்பு எடுக்க நான் போகிற சபைகளில் அடிக்கடி ஒரு ஆசையைக் கேட்கிறேன். "பாஸ்டர், நம்ம ஊரிலேயே ஒரு வேதாகமக் கல்லூரி ஆரம்பிக்கணும். ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள். நல்ல ஆசைதான். தேவனுக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அடுத்து வருகிற கேள்விகளைக் கவனியுங்கள். நிலம் எங்கே வாங்கலாம்? பணம் எங்கிருந்து வரும்? பட்டம் யார் கொடுப்பார்கள்? இந்த மூன்றையும் எல்லாரும் கேட்கிறார்கள். "யார் கற்பிப்பது? யாருக்குக் கற்பிப்பது? எந்த மொழியில்?" என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

வேறொரு கூட்டத்தார் இன்னொரு கேள்வி கேட்பார்கள். "ஆவியானவர் இருக்கும்போது கல்லூரி எதற்கு? பேதுரு எந்தக் கல்லூரியில் படித்தார்?" இதற்கு அப்போஸ்தலர் 19-ம் அதிகாரமே பதில். எபேசு பட்டணத்தில் பவுல் கைகளை வைத்தபோது ஏறக்குறைய பன்னிரண்டு பேர்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். அவர்கள் அந்நியபாஷை பேசினார்கள். நாம் இந்த வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். பவுல் நிறுத்தவில்லை. அதே பட்டணத்தில் திறன்னு என்பவனுடைய பள்ளிக்கூடத்தில் சீஷர்களைச் சேர்த்து நாள்தோறும் போதித்தார். ஒரு வாரம் அல்ல, இரண்டு வருஷம்! அதனால் ஆசியா நாடெங்கும் வசனம் பரவிற்று. அபிஷேகமும் வகுப்பறையும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. தேவன் சேர்த்ததை நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

இப்போது எலிசாவின் நாட்களுக்கு வாருங்கள். தீர்க்கதரிசிகளின் புத்திரர் எலிசாவிடம் வந்து, தாங்கள் தங்கியிருக்கிற இடம் போதவில்லை, நெருக்கமாயிருக்கிறது என்று முறையிட்டார்கள். பாருங்க, இடம் நெருக்கமானது எதனால்? ஆட்கள் பெருகினதால். அவர்கள் வீடு கட்டிவிட்டு மாணவரைத் தேடவில்லை. ஆட்கள் வந்தார்கள், பிறகு வீடு தேவைப்பட்டது. ஆளுக்கு ஒரு மரம் வெட்டப் போனார்கள். போதகனும் கூடவே போனான். நடுவிலே ஒரு கோடரி தண்ணீரில் விழுந்தது. அது இரவல் கோடரி! இந்த ஏழு வசனங்களில் ஒரு வேதாகமக் கல்லூரியின் வரலாறே அடங்கியிருக்கிறது.

இதை நம் தேசத்திலேயே நடந்த ஒரு காரியத்தை வைத்துப் படிக்கலாம். வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில், கல்கத்தாவுக்குச் சற்று வடக்கே, செராம்பூர் என்ற பட்டணம் இருக்கிறது. அங்கே 1818-ல் பாப்டிஸ்ட் மிஷனரிகள் மூன்று பேர் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். அவர்கள் வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மேன், வில்லியம் வார்டு. அவர்களுடைய உபதேசத்தில் சில காரியங்களில் நாம் வேறுபடலாம். ஆனால் கர்த்தருடைய வேலையை அவர்கள் செய்த முறையிலே நமக்குப் பாடம் உண்டு.

1. மூன்று ஆட்கள், ஒரே பை

கேரி செருப்புத் தைத்துப் பிழைத்தவர். மார்ஷ்மேன் நெசவாளியின் மகன், பள்ளி ஆசிரியர். வார்டு அச்சுத் தொழிலாளி. மூன்று பேரில் ஒருவரும் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினவர் அல்ல. கேரி 1793 நவம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி அந்நாட்களில் மிஷனரிகளை விரும்பவில்லை. ஆகவே அவர் அவுரித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வை வேலை செய்துகொண்டே வங்காள மொழி படித்தார். அங்கே ஒரு மகனை அடக்கம்பண்ணினார். மனைவி டாரதி மனநலம் குன்றிப்போனார்; 1807-ல் மரிக்கும்வரை அவர் குணமடையவே இல்லை.

மார்ஷ்மேனும் வார்டும் 1799-ல் வந்தார்கள். அவர்களைக் கம்பெனியார் ஏற்கவில்லை. செராம்பூர் அப்போது டென்மார்க் ராஜாவின் ஆளுகையில் இருந்தது. அங்கேயிருந்த டேனிஷ் கவர்னர் ஓலே பீ இவர்களுக்கு இடம் கொடுத்தார். கம்பெனியார் கேட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1800 ஜனவரியில் கேரியும் அங்கே வந்து சேர்ந்தார்.

இந்த டென்மார்க் ராஜ்யம் தமிழருக்குப் புதியது அல்ல. நம் தரங்கம்பாடியும் அவர்கள் வசமே இருந்தது. 1706-ல் சீகன்பால்கு அங்கே வந்திறங்கியதும் ஒரு டென்மார்க் ராஜா அனுப்பித்தான். அந்தத் தரங்கம்பாடி ஊழியத்தில் உருவான ஆரோன் 1733-ல் குருவாக அபிஷேகம் பெற்றார். புரொட்டஸ்டண்டு சபைகளில் இந்தியர் ஒருவர் போதகரானது அதுவே முதல் முறை.

செராம்பூரில் எல்லாரும் ஒரே குடும்பமாய் வாழ்ந்து, சம்பாதித்ததைப் பொதுப் பையில் போட்டார்கள். கேரி 1801-ல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காள மொழி கற்பிக்கச் சேர்ந்தார். ஆரம்பச் சம்பளம் மாதம் 500 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். அது பொதுப் பைக்குப் போயிற்று. வார்டின் அச்சகத்து வருமானமும் போயிற்று. மார்ஷ்மேனும் அவர் மனைவி ஹன்னாளும் விடுதிப் பள்ளிகளை நடத்தி ஈட்டியதும் போயிற்று. சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். ஹன்னாள் மார்ஷ்மேனின் பெயர் கல்லூரி வாசலில் எழுதப்பட்ட மூன்று பெயர்களில் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் கற்களில் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஆளுக்கு ஒரு மரம் வெட்டினார்கள் என்பது இதுதான்!

2. உள்ளூர் ஆளும் உள்ளூர் மொழியும்

செராம்பூரில் முதல் ஆத்துமா யார் தெரியுமா? கிருஷ்ண பால் என்ற தச்சர். அவர் தோள்மூட்டு பிசகி வலியோடு இருந்தபோது, மிஷனரி வைத்தியர் ஒருவர் அதைச் சரிப்படுத்தி, சுவிசேஷமும் சொன்னார். 1800 டிசம்பர் 28-ம் தேதி ஹூக்ளி நதியில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். கேரியின் மூத்த மகன் பீலிக்ஸும் அதே நாளில் பெற்றார். கிருஷ்ண பால் 1822-ல் மரிக்கும்வரை பிரசங்கியாகவே உழைத்தார்.

1805-ல் மிஷனரிகள் தங்களுக்குள்ளே ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். அதிலே அவர்கள் கண்ட சத்தியம் முக்கியமானது. வெளிநாட்டான் எத்தனை பேர் வந்தாலும் இந்தத் தேசத்துக்குப் போதாது. இந்தத் தேசத்து ஊழியர்களே இந்தத் தேசத்துக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோக வேண்டும். அவர்களை உருவாக்குவதே நம் வேலை என்று கண்டார்கள். கல்லூரியின் விதை இங்கேதான் விழுந்தது. 1818-ல் அல்ல.

1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. அதற்கு எழுத்து வார்த்துக் கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளத்துக் கைவினைஞர். பிறகு வேறு பல மொழிகளிலும் வேதம் அச்சாயிற்று. கிராமங்களில் தாய்மொழிப் பள்ளிகளைத் திறந்தார்கள். 1818-க்குள் அவை நூற்றுக்கும் மேலாகப் பெருகின. அதே வருஷம் 'சமாச்சார் தர்ப்பண்' என்ற வங்காள வாரப் பத்திரிகையும் தொடங்கிற்று.

சகோதரரே, வரிசையைப் பாருங்கள். முதலில் மொழி. பிறகு வசனம். பிறகு ஆத்துமா. பிறகு சிறு பள்ளிகள். அதற்குப் பிறகுதான் கல்லூரி! செராம்பூரில் கால் வைத்த நாள்முதல் கல்லூரி தொடங்க 18 வருஷம் ஆயிற்று. நமக்கோ 18 மாதம் பொறுமை இல்லை.

3. யாருக்காக, எதற்காக?

1818 ஜூலையில் கல்லூரியின் திட்டத்தை வெளியிட்டார்கள். ஆசிய தேசத்துக் கிறிஸ்தவ வாலிபருக்கும் மற்ற வாலிபருக்கும் கீழ்நாட்டு இலக்கியத்தையும் மேல்நாட்டு விஞ்ஞானத்தையும் கற்பிப்பது அதன் நோக்கம். முதலில் சேர்ந்தவர்கள் 37 பேர். அவர்களில் 19 பேர் கிறிஸ்தவர், 14 பேர் இந்துக்கள். ஜாதி, நிறம், தேசம் எதுவும் ஒரு மாணவனைச் சேர்ப்பதற்குத் தடையாக இருக்கக்கூடாது என்பது அவர்கள் வைத்த ஒழுங்கு. சமஸ்கிருதம் ஒரு ஜாதிக்கே உரியது என்று எண்ணப்பட்ட நாளில், விசுவாசியின் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். தன் ஜனத்தின் சாஸ்திரங்களை அறியாதவன் தன் ஜனத்தோடு எப்படிப் பேசுவான்?

கல்லூரிக்குப் பணம் சேர்க்க வார்டு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார். அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்கள் சிலர் ஒரு நிபந்தனை போட்டார்கள். எங்கள் பணம் வேதசாஸ்திரத்துக்கு மட்டுமே, விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு காசும் கூடாது என்றார்கள். கேரி இதைக் கேட்டு வருத்தப்பட்டார். விஞ்ஞானமே இல்லாமல் ஒரு வாலிபனை ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்த முடியுமா என்று கேட்டார். 1821-ல் வந்த ஜான் மாக் அங்கே விஞ்ஞானம் கற்பித்தார். வங்காள மொழியில் இரசாயனப் புத்தகமே எழுதினார்.

சிலருக்கு இது இடறலாக இருக்கலாம். "வேதம் போதுமே, இரசாயனம் எதற்கு?" என்பீர்கள். நான் சொல்லுகிறது இதுதான்: இரட்சிப்புக்கு வேதம் போதும். ஆனால் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகிற போதகருக்கு, ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்கிற அறிவும் வேண்டும். ஜெபமும் பண்ண வேண்டும். அறியாமையினாலே ஒரு உயிர் போகவும் கூடாது. மோசே எகிப்தியரின் கல்வியைக் கற்றவர் (அப். 7:22). தேவன் அதை வீணாக்கவில்லை.

4. நெருப்பும் வெள்ளமும் மரணமும்

கர்த்தருடைய வேலை என்றால் கஷ்டமே வராது என்று யார் சொன்னது? 1812 மார்ச் 11-ம் தேதி இரவு செராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. கேரி வருஷக்கணக்காய் எழுதின கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. காகிதமும் பல மொழி அச்செழுத்துகளும் போயின. ஆனால் எழுத்து வார்க்கும் அச்சுகள் இடிபாட்டில் தப்பியிருந்தன. அதை வைத்து மறுபடியும் எழுத்து வார்த்தார்கள். கேரி உட்கார்ந்து மறுபடியும் மொழிபெயர்த்தார்.

கல்லூரி தொடங்கின பிறகும் விடவில்லை. 1823 மார்ச்சில் வார்டு காலராவினால் மரித்தார். அதே வருஷம் வெள்ளம் வந்து கேரியின் வீட்டையும் தோட்டத்தையும் அழித்தது. 1830 தொடங்கி கல்கத்தாவின் பெரிய வியாபார நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் முறிந்தன. ஊழியத்தின் பணமும் அதில் போயிற்று. 1834 ஜூன் 9-ல் கேரியும், 1837 டிசம்பரில் மார்ஷ்மேனும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். மூவருடைய கல்லறையும் செராம்பூரிலேயே இருக்கிறது.

5. இரவல் கோடரி

இப்போது கசப்பான பாகம். இதை மறைத்து எழுதினால் பாடம் முழுமையாகாது.

நெருப்பு கொடுக்காத வேதனையைச் சகோதரர்கள் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் இவர்களை நன்றாய் அறிந்திருந்த ஆண்ட்ரூ புல்லர் 1815-ல் மரித்தார். அதன்பின் சங்கத்தில் வந்தவர்களுக்கு இவர்களைப் பழக்கமில்லை. செராம்பூர் சொத்து யாருடையது? யார் கட்டளைக்குள் இருப்பது? இந்தக் கேள்வி எழும்பிற்று. பின்னால் வந்த இளம் மிஷனரிகள் சிலர் மூத்தவர்களோடு ஒத்துப்போகாமல் கல்கத்தாவில் தனியே ஊழியம் தொடங்கினார்கள். கடைசியில் 1827-ல் செராம்பூரும் தாய்ச் சங்கமும் பிரிந்தன. பத்து வருஷம் கழித்தே ஒப்புரவு உண்டாயிற்று. மூவரும் தங்களுக்கென்று ஆஸ்தி சேர்க்கவில்லை. ஆனாலும் யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாய் எழுதி வைக்காததால் முதிர்வயதில் எவ்வளவு கண்ணீர்!

எலிசாவின் நாட்களில் கோடரி தண்ணீரில் விழுந்தபோது அந்த வாலிபன் கலங்கினது எதற்காக? அது இரவல் என்பதற்காக. பிரியமானவர்களே, பாஸ்டர் பெயரில் நிலம், அண்ணன் பெயரில் வங்கிக் கணக்கு, வெளிநாட்டு நண்பர் வாக்கில் சம்பளம் என்று ஒரு வேதாகமப் பள்ளியைத் தொடங்கினால், கோடரி விழுகிற நாளில் என்ன செய்வோம்? டிரஸ்டு பத்திரமும் கணக்குப் புத்தகமும் ஆவிக்குரிய காரியங்கள் அல்ல என்று நினைக்காதீர்கள். நடுவயதில் வருகிற பிளவை அவை தடுக்கும்.

6. பட்டம் கடைசியில் வந்தது

1827 பிப்ரவரி 23-ல் டென்மார்க் ராஜா ஆறாம் பிரெடெரிக் செராம்பூர் கல்லூரிக்கு ராஜ சாசனம் கொடுத்தார். பட்டம் வழங்கும் அதிகாரம் அதில் இருந்தது. 1845-ல் செராம்பூரும் தரங்கம்பாடியும் ஒன்றாக ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் அந்த உரிமை காக்கப்பட்டது. ஆனால் அந்த அதிகாரத்தில் வேதசாஸ்திரப் பட்டம் முதன்முதலாய் வழங்கப்பட்டது எப்போது தெரியுமா? 1915-ல். 88 வருஷம் சாசனம் பெட்டியில் கிடந்தது! நடுவே 1883-ல் கல்லூரி வகுப்புகளே நிறுத்தப்பட்டு, ஊழியர் பயிற்சி மட்டும் சிறிதாய் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல்வராக இருந்த ஜார்ஜ் ஹவெல்ஸ் அதை மறுபடியும் எழுப்பினார். பாப்டிஸ்டுகளுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாச் சபைகளுக்கும் கதவு திறந்தது. 1918-ல் வங்காளச் சட்டசபை இதற்கென்று ஒரு சட்டமும் இயற்றிற்று.

இன்று தமிழ்நாட்டில் பி.டி. பட்டம் பெற்ற போதகர் பலருடைய சான்றிதழில் செராம்பூர் என்ற பெயர் இருக்கும். மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியும் செராம்பூர் செனட்டோடு இணைந்தவை. ஒரு தச்சருடைய ஞானஸ்நானத்தில் தொடங்கினது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்!

ஆனால் இதிலே ஒரு எச்சரிப்பும் உண்டு. சாசனம் இருந்தும் கல்லூரி மங்கினதே, ஏன்? மூவரும் போனபின் அதே பாரத்தோடு தோள்கொடுக்கப் போதுமான ஆட்கள் இல்லை. பணம் வற்றிற்று. 2 தீமோத்தேயு 2:2-ல் பவுல் ஒரு சங்கிலியைக் காட்டுகிறார். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களிடம் கற்கும் மற்றவர்கள். நான்கு தலைமுறை! இதில் ஒரு கண்ணி அறுந்தால் சாசனம் காப்பாற்றாது, கட்டடமும் காப்பாற்றாது.

நமக்கு என்ன?

உங்கள் ஊரில் வேதாகமப் பள்ளி தொடங்கும் பாரம் இருந்தால், என் ஆலோசனை இது. சபையில் அழைப்புள்ள ஐந்து வாலிபரையும் சகோதரிகளையும் தெரிந்தெடுங்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் தமிழிலே ஒழுங்காய் வேதம் கற்பியுங்கள். ஞாயிறு பள்ளியையும் தெருப்பிரசங்கத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள், கூடவே போங்கள். அவர்களில் ஒருவர் அடுத்த ஐந்து பேருக்குக் கற்பிக்கத் தொடங்குகிற நாளில் உங்கள் கல்லூரி பிறந்துவிட்டது. இடம் நெருக்கமாகட்டும். அப்போது யோர்தானுக்கு மரம் வெட்டப் போகலாம்.

பயிற்சி இல்லாமல் ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட வாலிபர்கள் இரண்டே வருஷத்தில் சோர்ந்து, துர்உபதேசத்தில் விழுந்து, வீடு திரும்பினதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அபிஷேகம் இல்லாமல் இல்லை. கூட இருந்து கற்பிக்க ஆள் இல்லை. ஆகையால்தான் இவ்வளவு பாரத்தோடு எழுதுகிறேன்.

குழுவாகச் சிந்திக்க:

1. அப்போஸ்தலர் 19-ல் ஆவியின் நிறைவுக்கும் தினப் போதனைக்கும் உள்ள தொடர்பு என்ன?
2. நம் சபையில் "கிருஷ்ண பால்" யார்? அவருக்கு யார் கற்பிக்கிறார்கள்?
3. நம் ஊழியத்தின் சொத்தும் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? நாம் இல்லாத நாளில் அவை என்னவாகும்?
4. நம் வேதபாடம் நம் ஜனங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் இருக்கிறதா?

ஜெபம்: கர்த்தாவே, கட்டடம் கேட்கும் முன்னே ஆட்களைக் கேட்க எங்களுக்குக் கற்றுத்தாரும். கற்கிறவர்களையும் கற்பிக்கிறவர்களையும் எங்கள் நடுவிலிருந்தே எழுப்பும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.